ஆவடித் தடங்கள் – 17: இருபதுக்குக் குறைந்தவர்கள்

சென்ற இதழில் 1965 டிசம்பரில் வந்து நின்றோம். முதல் விஜயந்தா டாங்கி, ஆவடி டேங்க் ஃபேக்டரியின் கதவைத் தாண்டிய மாதம் அது. ஏறத்தாழ 39 டன் எடை. விக்கர்ஸ் கம்பெனியோடு 1961இல் போட்ட ஒப்பந்தம், பட்டாபிராம் மிலிட்டரி சைடிங் வரை ஓடிய ரயில், லேத்திலும் மில்லிங் மெஷினிலும் கை பழகிய முதல் தலைமுறை என்று எல்லாம் எழுதியாயிற்று. இந்த வாரம் டாங்கியை விட்டுவிட்டு அதன் தலைக்கு மேலே பார்ப்போம். அங்கே கிரேன் ஓடுகிறது. ஓடுகிற கிரேன் ஒருநாள் நிற்கும். நின்றால் யாராவது ஏணி பிடித்து ஏற வேண்டும். ஏறுகிறவருக்கு என்ன கூலி, அதை யார் எப்படி முடிவு செய்தார்கள் என்பதுதான் இந்த அத்தியாயம்.

நான் அறிந்தவரையில் ஏறுகிறவர் கோவில்பதாகைக்காரர். ஏரிக்கரைப் பக்கம் வீடு. சுந்தரராஜப் பெருமாள் கோயிலுக்குப் போகிற வழியில் ஒரு டீக்கடையில்தான் பழக்கம். “அண்ணே, நீங்க எந்த ஷாப்பு?” என்று முதல்தடவை கேட்டேன். ஆவடிப் பக்கம் காக்கிச் சட்டையில் எண்ணெய்க் கறையோடு யாரைப் பார்த்தாலும் கேட்கிற கேள்வி அது. அவர் டம்ளரை ஆற்றிக்கொண்டே, “நான் ஷாப்பு இல்ல சார், ஏஎம்சி” என்றார்.

வருடாந்தரப் பராமரிப்பு ஒப்பந்தத்துக்குத்தான் ஏஎம்சி என்று பெயர். கிரேன், கம்ப்ரசர், ஜெனரேட்டர், குளிர்சாதனம், கம்ப்யூட்டர் மூளை வைத்த சிஎன்சி மெஷின் என்று ஒவ்வொன்றையும் ஆண்டுக்கு இவ்வளவு ரூபாய் என்று பேசி ஒரு காண்ட்ராக்டரிடம் விட்டுவிடுவார்கள். அவருடைய ஆட்கள் கேட் பாஸ் வாங்கிக்கொண்டு உள்ளே வந்து பழுது பார்ப்பார்கள். கோவில்பதாகையில் பெண் பார்க்க வருகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் சட்டம் படித்தவர்களைவிட நன்றாகத் தெரியும். “மாப்பிள்ளை ஃபேக்டரியிலே” என்றால் உட்கார்ந்து காபி குடிப்பார்கள். “ஃபேக்டரிக்குள்ளே வேலை” என்றால், “பெர்மனென்டா?” என்று அடுத்த கேள்வி வரும். ‘உள்ளே’ என்ற ஒரு சொல்லில் சம்பளம் பாதியாகக் குறைந்துவிடுவது அவர்களுக்குத் தெரியும்.

இந்த ஊரைச் சுற்றி மத்திய அரசு வளாகங்களுக்குப் பஞ்சமில்லை. டேங்க் ஃபேக்டரி, இன்ஜின் ஃபேக்டரி, படை உடைத் தொழிற்சாலை, போர் வாகன ஆராய்ச்சி நிலையம், முத்தாபுதுப்பேட்டை விமானப்படைத் தளம், மத்திய ரிசர்வ் போலீஸ் முகாம், ரயில்வே கார் ஷெட். ஆவடி என்ற பெயரே ஆங்கில எழுத்துகளைக் கோத்த ராணுவச் சுருக்கம் என்று ஒரு கதை வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது. நான் அதை நம்பவில்லை. ஆனால் அப்படியொரு கதை பிறக்கும் அளவுக்கு ஊர் முழுக்க சர்க்கார் மதில்தான். நம் கிரேன் மெக்கானிக் எந்த மதிலுக்குள் போய்வந்தார் என்பது இங்கே வேண்டாம்.

அவர் ஒருநாள் இரண்டு காகிதங்களைக் காட்டினார். ஒன்று கூலிச் சீட்டு. அதில் 26 நாள், நாளுக்கு இவ்வளவு என்று கணக்கு சரியாக இருந்தது. பிஎஃப் பிடித்தம் இருந்தது. பெயருக்கு எதிரே ‘ஹெல்பர்’ என்று இருந்தது. இரண்டாவது, அவரே சிறு நோட்டில் எழுதி வைத்த கணக்கு. வங்கியில் விழுந்த பணத்தில் மாதாமாதம் மேஸ்திரியிடம் திருப்பிக் கொடுத்தது எவ்வளவு என்று தேதியோடு எழுதியிருந்தார். “ஏடிஎம் கார்டை அவங்களே வெச்சிக்கிறதுதான் முன்னே வழக்கம். இப்ப கார்டு நம்ம கையில. நாமே எடுத்துக் குடுக்கணும்” என்றார். முன்னேற்றம்தான்.

இருபது வருஷமாக மோட்டார் சுற்றி, பிரேக் மாற்றி, எழுபதடி நீளத் தண்டவாளத்தில் நடந்தே போய் லிமிட் ஸ்விட்ச் சரிபார்க்கிற மனிதர் ஏட்டில் ஹெல்பர். மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி அறிவிப்பில் 2024 அக்டோபர் 1 நிலவரப்படி சென்னை போன்ற ‘ஏ’ பகுதியில் திறன் இல்லாத வேலைக்கு நாளுக்கு 783 ரூபாய், ஓரளவு திறனுக்கு 868, திறன் பெற்றவருக்கு 954, மிகுதிறனுக்கு 1,035. ஹெல்பர் என்று எழுதுவதில் நாளுக்கு 171 ரூபாய் மிச்சம். 26 நாளுக்கு 4,446. இதில் ஒரு கோணல் உண்டு. இஎஸ்ஐ மருத்துவத்துக்கு மாதச் சம்பள வரம்பு 21,000. ஹெல்பராக 20,358 வாங்கினால் வரம்புக்குள் இருப்பார், அயனாவரம் ஆஸ்பத்திரியில் வைத்தியம் கிடைக்கும். மெக்கானிக்காக 24,804 வாங்கினால் வெளியே. காண்ட்ராக்டரிடம் கேட்டால் இதைச் சொல்லியே சமாளிப்பார்.

சரி, வரலாற்றுக்கு வருவோம். அரசு தன் ஒப்பந்தக்காரரிடம் ‘உன் ஆளுக்கு நீ கொடுக்கும் கூலியிலும் எனக்குச் சம்பந்தம் உண்டு’ என்று சொல்லத் தொடங்கியது எப்போது?

லண்டனில், 1891 பிப்ரவரியில். பிரிட்டிஷ் காமன்ஸ் சபை நியாயக் கூலித் தீர்மானம் ஒன்றை நிறைவேற்றியது. டெண்டர் என்றால் மிகக் குறைந்த விலை சொன்னவருக்கு வேலை. மிகக் குறைந்த விலை சொல்ல வேண்டுமானால் எதையாவது குறைக்க வேண்டும். இரும்பின் விலையைக் குறைக்க முடியாது, நிலக்கரியின் விலையைக் குறைக்க முடியாது, ஆளின் கூலியைக் குறைக்கலாம். அப்படிப் பார்த்தால் அரசே டெண்டர் போட்டுக் கூலியை வீழ்த்துகிறது என்றாகிவிடும். இதுதான் வாதம். 1909இலும் 1946இலும் அந்தத் தீர்மானத்தை இறுக்கினார்கள். 1949இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு இதையே 94ஆம் உடன்படிக்கையாக உலகத்துக்கு வைத்தது. இந்தியா அதை ஏற்றுக் கையெழுத்திடவில்லை. கையெழுத்திட்ட பிரிட்டன் 1982இல் மார்கரெட் தாட்சர் காலத்தில் விலகிக்கொண்டது. அடுத்த ஆண்டே அந்தப் பழைய தீர்மானமும் போயிற்று.

இந்தியாவில் 1931இல், தொழிலாளர் நிலையை ஆராய்ந்த விட்லி கமிஷனின் அறிக்கை வந்தது. பிறகு போர் வந்தது. ஆவடியில் ராணுவக் கிடங்குகள் முளைத்தது அந்தப் போரில்தான். அப்போது 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாக சபையில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தவர் பி.ஆர். அம்பேத்கர். மத்தியப் பொதுப்பணித் துறையும் அவர் பொறுப்பில்தான் இருந்தது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அரசாங்கத்தின் மிகப் பெரிய காண்ட்ராக்ட் இலாகாவும் தொழிலாளர் இலாகாவும் ஒரே மேஜையில். அரசு, முதலாளி, தொழிலாளி என முத்தரப்பும் உட்கார்ந்த கூட்டங்களில் நியாயக் கூலி வாசகம் பேசப்பட்டது அப்போதுதான். டெண்டர் கூப்பிடும் நேரத்தில் அந்த வட்டாரத்துக்கு என்ன கூலி அறிவிக்கப்பட்டிருக்கிறதோ அதற்குக் குறையக் கூடாது என்கிற நிபந்தனை மத்தியப் பொதுப்பணித் துறை ஒப்பந்தத் தாளில் இடம்பிடித்தது. மத்திய தலைமைத் தொழிலாளர் ஆணையர் அமைப்பு 1945இல் உருவானது. அதன் சென்னைக் கிளை இன்று ஹாடோஸ் சாலை சாஸ்திரி பவனில் இருக்கிறது. கோவில்பதாகையிலிருந்து ஒரு பஸ், ஒரு ரயில், மறுபடி ஒரு பஸ். ஒருநாள் கூலி போகும்.

1948இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. நல்ல சட்டம். ஆனால் அது பட்டியல் போட்ட சட்டம். பட்டியலில் இருக்கும் தொழிலுக்குத்தான் கூலி நிர்ணயம். மத்திய அரசின் வரம்பில் வரும் பட்டியலில் சுரங்கம், கட்டடமும் சாலையும், துப்புரவு, காவல், ஏற்றி இறக்குதல், பூமிக்கடியில் கேபிள் புதைத்தல் என்றெல்லாம் தலைப்புகள் இருந்தன. கருவிப் பழுதுபார்ப்பு என்று ஒரு தலைப்பு இருக்கவில்லை. அதாவது கிரேன் நிற்கும் கட்டடத்துக்குச் சுண்ணாம்பு அடிப்பவருக்குச் சட்டத்தில் ஓர் இடம் இருந்தது. கிரேனுக்கு மேலே ஏறியவருக்கு இல்லை. டெண்டர் தாளில் ‘மத்திய அரசு அறிவித்த கூலி தர வேண்டும்’ என்று ஓர் அதிகாரி எழுதி வைத்தால் உண்டு. எழுத மறந்தால் இல்லை.

   

அடுத்த திருப்பம் 1960இல் பம்பாயிலிருந்து வந்தது. ஸ்டாண்டர்ட் வாக்குவம் என்ற எண்ணெய்க் கம்பெனியின் சுத்திகரிப்பு ஆலை. அங்கே ஆலையையும் இயந்திரங்களையும் துப்புரவாகப் பராமரிக்கும் வேலையைக் காண்ட்ராக்டில் விட்டிருந்தார்கள். வழக்கு போட்டவர்கள் யார் தெரியுமா? காண்ட்ராக்ட் ஆட்கள் அல்ல, நிரந்தரத் தொழிலாளர்கள். ‘எங்கள் பக்கத்தில் நின்று வேலை செய்கிறவனுக்கு இவ்வளவு குறைந்த கூலியா, இந்த முறையே வேண்டாம்’ என்று அவர்கள் எழுப்பிய தாவா அது. மற்றவனுக்காக நீ எப்படி வழக்கு போடலாம் என்று கம்பெனி கேட்டது. போடலாம் என்றது உச்ச நீதிமன்றம். எந்த வேலையைக் காண்ட்ராக்டில் விடக் கூடாது என்பதற்கு அந்தத் தீர்ப்பிலிருந்து நான்கு கேள்விகள் பிறந்தன. வேலை ஆண்டு முழுக்க இருக்கிறதா? தொழிற்சாலை ஓட அது தேவையா? முழுநேர ஆட்களை வைக்கும் அளவுக்கு வேலை இருக்கிறதா? மற்ற இடங்களில் இதை நிரந்தர ஆட்கள் செய்கிறார்களா?

பராமரிப்பு வேலையிலிருந்துதான் இந்த நாட்டின் காண்ட்ராக்ட் தொழிலாளர் சட்டமே முளைத்தது என்பதற்காகவே இந்த வழக்கில் கொஞ்சம் நின்றேன். அந்த நான்கு கேள்விகளும் பத்து ஆண்டு கழித்து அப்படியே சட்டத்தின் 10ஆம் பிரிவில் உட்கார்ந்தன. 1970 செப்டம்பரில் நிறைவேறி 1971 பிப்ரவரி 10இல் அமலுக்கு வந்தது அந்தச் சட்டம். அதன் 1971ஆம் ஆண்டு மத்திய விதிகளில் ஒன்று இருந்தது. தொழிற்சங்கக்காரர்கள் அதை எண் சொல்லியே பேசுவார்கள். 25ஆம் விதி. காண்ட்ராக்டரின் லைசென்சுக்கான நிபந்தனைகளைச் சொல்கிற விதி அது. முதன்மை முதலாளியின், அதாவது வேலையைக் காண்ட்ராக்டில் விட்டவரின், நேரடித் தொழிலாளி செய்கிற அதே வேலையை, அல்லது அதை ஒத்த வேலையைக் காண்ட்ராக்டரின் ஆள் செய்தால் அதே கூலி, அதே விடுமுறை, அதே வேலை நேரம். ஒத்த வேலையா இல்லையா என்று தகராறு வந்தால் துணைத் தலைமைத் தொழிலாளர் ஆணையர் முடிவு செய்வார்.

இந்த விதிக்கு மதிப்பு என்ன என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஏழாவது சம்பளக் கமிஷன்படி திறன் பெற்ற நிலையில் உள்ள அரசுத் தொழிற்சாலைத் தொழிலாளிக்கு அடிப்படைச் சம்பளம் 19,900. 2024 ஜூலை நிலவரப்படி அகவிலைப்படி 53 விழுக்காடு. இரண்டும் சேர்ந்து 30,447. வீட்டு வாடகைப்படி, போக்குவரத்துப்படி தனி. அதே காலத்தில் குறைந்தபட்சக் கூலிப்படி திறன் பெற்ற காண்ட்ராக்ட் ஆளுக்கு 24,804. ஹெல்பர் என்று எழுதப்பட்டவருக்கு 20,358. ஒரே ஏணி, ஒரே உயரம். 25ஆம் விதி நடைமுறைக்கு வந்திருந்தால் மாதத்துக்குப் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் வித்தியாசம் அடைபட்டிருக்கும்.

வரவில்லை. காரணம் ஒரு எண்.

சட்டத்தின் முதல் பிரிவிலேயே அது இருந்தது. இருபது. எந்த காண்ட்ராக்டரிடம் இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்தார்களோ அவருக்குத்தான் அந்தச் சட்டம் பொருந்தியது, அவருக்குத்தான் லைசென்ஸ். சமன்கூலி என்பது லைசென்சின் நிபந்தனை. லைசென்சே தேவையில்லாதவருக்கு அதன் நிபந்தனை எங்கிருந்து வரும்? துப்புரவுக்கு எண்பது பேர் வேண்டும், காவலுக்கு நூறு பேர் வேண்டும். கிரேன் பழுதுபார்க்க நான்கு பேர். கம்ப்ரசருக்கு மூன்று பேர். குளிர்சாதனத்துக்கு ஆறு பேர். பழுதுபார்ப்பு எப்போதுமே சிறு கும்பலின் வேலை. கைத்தேர்ச்சி கூடக்கூட ஆள் எண்ணிக்கை குறையும். எண்ணிக்கை குறைந்ததும் சட்டம் கழன்றுகொள்ளும். சட்டம் எழுதியவர்கள் மனத்தில் இருந்தது கப்பி உடைக்கிற கூட்டம், மண் சுமக்கிற கூட்டம். ஸ்பேனர் பிடித்த நான்கு பேர் அவர்கள் கண்ணில் படவில்லை. இது என் கணிப்பு; சூழ்ச்சி என்று சொல்ல மாட்டேன்.

அமெரிக்காக்காரர்கள் இதே இடத்தில் எப்படி இடறினார்கள் என்று பார்ப்பது சுவாரசியம். அங்கே 1927இல் நியூயார்க்கில் முன்னாள் படைவீரர் மருத்துவமனை கட்ட அலபாமாவிலிருந்து ஒரு காண்ட்ராக்டர் குறைந்த கூலிக்கு ஆள் கொண்டுவந்தார். அந்தத் தொகுதியின் உறுப்பினர் ராபர்ட் பேக்கன் பிடித்த பிடியில் 1931இல் கட்டுமான வேலைக்குக் கூலிச் சட்டம் வந்தது. 1936இல் அரசுக்குப் பொருள் செய்து தரும் ஆலைகளுக்கு. சேவை ஒப்பந்தங்களுக்கு வந்தது 1965 அக்டோபரில், நம் விஜயந்தா வெளிவர இரண்டு மாதம் இருக்கும்போது. அங்கே ஆள் எண்ணிக்கை வரம்பு கிடையாது. பண வரம்பு. 2,500 டாலருக்கு மேற்பட்ட ஒப்பந்தமானால் அந்த வட்டாரத்தில் அந்த வேலைக்கு என்ன கூலி என்று தொழிலாளர் துறை நிர்ணயித்து ஒப்பந்தத்தோடு ஒட்டிவிடும்.

ஆனால் அங்கேயும் கருவிப் பழுதுபார்ப்புக்கு ஒரு ஓட்டை வைத்தார்கள். கம்ப்யூட்டர், அலுவலக இயந்திரம், சில அறிவியல் மருத்துவக் கருவிகள் ஆகியவற்றைப் பழுதுபார்க்கும் ஒப்பந்தத்துக்கு விலக்கு தரலாம். விலக்குக்கு நிபந்தனைகள் உண்டு. அந்தக் கருவி அரசுக்கு வெளியிலும் பரவலாகப் புழங்குவதாக இருக்க வேண்டும். பழுதுபார்ப்பு விலை சந்தையில் எல்லோருக்கும் உள்ள விலையாக இருக்க வேண்டும். மூன்றாவதுதான் முக்கியம்: தனியார் வாடிக்கையாளருக்கு வேலை செய்கிற ஆளுக்கு என்ன சம்பளத் திட்டமோ அதுவே அரசு வேலை செய்கிற ஆளுக்கும் என்று கம்பெனி உறுதி சொல்ல வேண்டும். ஓட்டைதான், ஆனால் அதன் வாயில் ஒரு வலை கட்டியிருக்கிறார்கள். நம் இருபதில் வலை எதுவும் இருக்கவில்லை.

இங்கே நீதிமன்றங்கள் என்ன செய்தன என்பதை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். 1976 டிசம்பர் 9இல் மத்திய அரசு தன் கட்டடங்களில் துப்புரவு, காவல் வேலைகளுக்குக் காண்ட்ராக்ட் கூடாது என்று ஓர் அறிவிப்பு வெளியிட்டது. பழுதுபார்ப்பு அதில் இல்லை. 1982இல் ஆசிய விளையாட்டுக் கட்டுமான வழக்கில், குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவது கட்டாய உழைப்பு, அரசியல் சாசனம் 23ஆம் பிரிவுக்கு விரோதம் என்றது உச்ச நீதிமன்றம். 1985இல் ஹரித்வார் பெல் ஆலைத் தொழிலாளர் வழக்கில் நீதிபதி சின்னப்ப ரெட்டி 25ஆம் விதியை எடுத்துக்காட்டி, சமன்கூலிக்கு வழி ஏற்கெனவே இருக்கிறது என்றார். 1996இல் ஏர் இந்தியா தீர்ப்பு: காண்ட்ராக்ட் தடை செய்யப்பட்டால் ஆட்கள் தானாகவே நிரந்தரம். ஊரெங்கும் இனிப்பு கொடுத்தார்கள். 2001 ஆகஸ்ட் 30இல் ஸ்டீல் அதாரிட்டி வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதைக் கவிழ்த்தது. தானாக நிரந்தரம் ஆகாது. 1976 அறிவிப்பும் செல்லாது. அதற்குப் பிறகு தொழிற்சங்கங்கள் ‘நிரந்தரமாக்கு’ என்பதை விட்டுவிட்டு, ‘சமக் கூலியாவது கொடு’ என்று பேச்சை மாற்றிக்கொண்டன. 2016 அக்டோபர் 26இல் ஜக்ஜித் சிங் வழக்கில் தற்காலிக ஊழியருக்கும் சம வேலைக்குச் சம ஊதியம் என்று வந்த தீர்ப்பு அந்தப் பேச்சுக்குக் கொஞ்சம் தெம்பு கொடுத்தது.

நீதிமன்றத்தைவிட ஆவடியை மாற்றியது டெண்டர் பெட்டிதான். ஒரு காலத்தில் பெரிய தொழிற்சாலைகளில் மெயின்டனன்ஸ் என்று சொந்தமாக ஒரு பிரிவு இருக்கும். எலக்ட்ரீஷியன், ஃபிட்டர், ரிக்கர் எல்லோரும் பெர்மனென்ட். அவர்கள் ஓய்வு பெற ஓய்வு பெற அந்த இடங்களை நிரப்பாமல், வேலையை ஏஎம்சியில் விடுவது எல்லா இலாகாவிலும் வழக்கமாயிற்று. புதிதாக இறக்கிய சிஎன்சி மெஷின்கள் வரும்போதே கம்பெனி உத்தரவாதத்தோடும், அது தீர்ந்தால் கம்பெனியின் பராமரிப்பு ஒப்பந்தத்தோடும் வந்தன. அந்த இன்ஜினீயர்களுக்குச் சம்பளம் போதவில்லை என்று யாரும் அழவில்லை. அழ வேண்டிய இடம் கிரேன், கம்ப்ரசர், ஏசி.

டெண்டர் எடுப்பவர் எல்-1 ஆக வேண்டும். எல்-1 என்றால் ஆகக் குறைந்த விலை. ஆள் தரும் ஒப்பந்தங்களில் கூலி சட்டப்படி நிலையானது என்பதால் போட்டி முழுக்க காண்ட்ராக்டரின் சேவைக் கட்டணத்தில்தான் நடக்கும். சிலர் பூஜ்யம் என்று போட்டார்கள். லாபமே வேண்டாம் என்று ஒருவர் சர்க்கார் வேலைக்கு வந்தால் சந்தேகப்பட வேண்டாமா? 2014 ஜனவரியில் மத்திய நிதி அமைச்சகம், பூஜ்யம் போட்டால் அந்த டெண்டரைக் கணக்கிலேயே எடுக்காதே என்றது. உடனே பூஜ்யத்துக்குப் பிறகு புள்ளி வைத்துப் போட ஆரம்பித்தார்கள். 2023 ஜனவரியில் சேவைக் கட்டணம் குறைந்தது 3.85 விழுக்காடு இருக்க வேண்டும் என்று தரை போட்டார்கள். இப்போது எல்லோரும் சரியாக 3.85 போடுகிறார்கள். எல்லோரும் எல்-1. அரசுக் கொள்முதலுக்கான ஜெம் இணையச் சந்தையில் கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டு ஒருவரை எடுக்கிறது.

26 நாள் கூலியில் 3.85 விழுக்காடு எவ்வளவு என்று போட்டுப் பாருங்கள். சரியாக ஒருநாள் கூலி. ஓர் ஆளுக்கு மாதம் ஒருநாள் கூலிதான் காண்ட்ராக்டரின் சட்டபூர்வமான கட்டணம். அதில்தான் அவர் ஆபீஸ் வாடகை, கணக்குப்பிள்ளை, அம்பத்தூர் பிஎஃப் ஆபீசுக்கு அலைகிற ஆள், டெபாசிட் வட்டி, பில் பாஸாகாமல் கிடக்கும் மூன்று மாதம் எல்லாவற்றையும் சமாளிக்க வேண்டும். மேஸ்திரி கைக்கு ஏன் பணம் திரும்பிப் போகிறது என்பதற்குப் பாதி விடை இதில் இருக்கிறது. மீதிப் பாதி பேராசை. அதற்கு வரலாறு எழுத வேண்டியதில்லை.

பழுதுபார்ப்பு ஏஎம்சியில் இந்தத் தரைகூடக் கிடையாது. ஏனென்றால் அது ‘ஆள் தரும்’ ஒப்பந்தம் இல்லை, ‘வேலை செய்து தரும்’ ஒப்பந்தம். பத்து கிரேன், ஆண்டுக்கு இவ்வளவு என்று மொத்தத் தொகை. எத்தனை பேர் வருவார்கள், என்ன கூலி என்று தாளில் வராது. ஒரே மனிதரை ஒரு தாளில் ‘ஆள்’ என்றும் இன்னொரு தாளில் ‘வேலை’ என்றும் எழுதலாம். எழுதுகிற குமாஸ்தாவின் கையில் இருக்கிறது கூலி.

பழைய விதிகளில் எனக்குப் பிடித்தவை 72, 73ஆம் விதிகள். கூலி பட்டுவாடா நடக்கும்போது முதன்மை முதலாளியின் பிரதிநிதி ஒருவர் அங்கே நிற்க வேண்டும். பதிவேட்டின் கடைசி வரிக்குக் கீழே, இந்தத் தொகை இந்தத் தேதியில் இந்த இடத்தில் என் முன்னிலையில் கொடுக்கப்பட்டது என்று கையெழுத்துப் போட வேண்டும். ‘என் முன்னிலையில்’ என்பது எத்தனை கனமான சொல்! ரொக்கக் கூலி நாளில் மேஜைக்கு ஒரு பக்கம் மேஸ்திரி, மறுபக்கம் சர்க்கார் சூபர்வைசர், நடுவில் ரேகை மைப்பெட்டி. சூபர்வைசர் பாதி நாள் டீ குடிக்கப் போய்விடுவார் என்பது வேறு. ஆனாலும் அந்த ஒரு நிமிஷம் கூலிக்காரனும் சர்க்காரும் முகத்துக்கு முகம் பார்த்தார்கள். இப்போது வங்கியில் விழுகிறது. முன்னிலையில் யாரும் நிற்பதில்லை.

2021 அக்டோபர் 1இல் படைக்கலத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டு 41 தொழிற்சாலைகளும் ஏழு கம்பெனிகளாயின. கவச வாகனங்களுக்கான கம்பெனியின் தலைமையகம் ஆவடி. சர்க்கார் இலாகா சர்க்கார் கம்பெனியானது. 2025இல் அந்தக் கம்பெனி டேங்க் ஃபேக்டரிக்கு 1,850 ஜூனியர் டெக்னீஷியன்களைக் கேட்டு விளம்பரம் செய்தது. அடிப்படைச் சம்பளம் 21,000, அதற்கு மேல் அகவிலைப்படி. ஆனால் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டுமான நியமனம். நடுவில் காண்ட்ராக்டர் இல்லாத காண்ட்ராக்ட் என்று சொல்லலாம். நம் மெக்கானிக்கின் பையன் விண்ணப்பித்தான். “அவனாவது நேரா கம்பெனிகிட்ட வாங்கட்டும் சார்” என்றார். பெர்மனென்ட் என்ற சொல்லை அவர் பயன்படுத்தவே இல்லை.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்தன. பழுதுபார்க்கிறவருக்கு ஒரு கை கொடுத்து ஒரு கை எடுத்திருக்கிறார்கள். கொடுத்தது: ஊதியத் தொகுப்பில் பட்டியல் போய்விட்டது. தலைப்பு இருக்கிறதா என்று தேட வேண்டாம், குறைந்தபட்சக் கூலி எல்லா வேலைக்கும் உண்டு. 1948இல் விட்டுப்போன மனிதர் 77 ஆண்டு கழித்து உள்ளே வந்தார். எடுத்தது: காண்ட்ராக்ட் தொழிலாளர் பகுதிக்கான வரம்பை இருபதிலிருந்து ஐம்பதாக்கிவிட்டார்கள். நான்கு பேர் கும்பலுக்கு இருபதானால் என்ன, ஐம்பதானால் என்ன என்று கேட்கலாம். எண்ணம் எந்தத் திசையில் போகிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

புதிய சட்டத்தில் மையமான வேலைக்குக் காண்ட்ராக்ட் கூடாது என்று ஒரு தடையும் உண்டு. எது மையமில்லாத வேலை என்ற பட்டியலில் ‘கட்டட, பிற கட்டுமான வேலைகள், பராமரிப்பு உட்பட’ என்று ஒரு வரி. பராமரிப்பு என்றால் கட்டடத்தின் பராமரிப்பா, கட்டடத்துக்குள் ஓடும் கிரேனின் பராமரிப்பா? அதே பட்டியலில் ‘விட்டு விட்டு நடக்கும் வேலை’ என்றும் இருக்கிறது. கிரேன் விட்டு விட்டுத்தான் பழுதாகும். ஆனால் அதற்கான ஆள் தினமும் காலை எட்டு மணிக்கு வந்து உட்கார்ந்திருக்கிறார். இந்த இரண்டு வரிகளுக்கும் வருகிற வருஷங்களில் வழக்கறிஞர்கள் நிறைய அர்த்தம் கண்டுபிடிப்பார்கள்.

அடுத்த இதழில் 1961இல் தொடங்கிய படை உடைத் தொழிற்சாலைக்குள் போகிறோம்; சட்டை தைத்தவர்களின் துண்டுக் கணக்கு.

அதற்குள் ஒரு வேண்டுகோள். பழைய விதிப்படி காண்ட்ராக்ட் தொழிலாளி ஒவ்வொருவருக்கும் வேலையில் சேர்ந்த மூன்று நாளுக்குள் ஒரு வேலை அட்டை தர வேண்டும். படிவம் 14 என்று பெயர். காண்ட்ராக்டர் பெயர், முதன்மை முதலாளி பெயர், வேலையின் தன்மை, கூலி விகிதம் நான்கும் அதில் இருக்கும். கோவில்பதாகையிலும் கன்னடபாளையத்திலும் மிட்டனமல்லியிலும் இருக்கும் வாசகர்கள் அப்பாவின் டிரங்குப் பெட்டியை ஒருமுறை திறந்து பாருங்கள். அந்த அட்டை இருந்தால் பழைய பேப்பர்க்காரரிடம் போட்டுவிடாதீர்கள். நான் இதுவரை பார்த்தது இரண்டே இரண்டு. இரண்டிலும் ‘வேலையின் தன்மை’ என்ற கட்டம் காலியாக இருந்தது.